கயிற்றின் இந்தப் பக்கம்

ஜூலை 5, சனி

கம்பெனி இந்த வருஷம் கொடுத்த டைரியில் கோடுகள் சரியாகவே அச்சாகவில்லை. பம்பு செய்கிறவர்களுக்கு ஒழுங்காக டைரி அச்சடிக்க ஆளா கிடைக்கவில்லை? பாதி வருஷம் சும்மா கிடந்ததை இன்று எடுத்திருக்கிறேன். காரணம் கீழே.

கண்ணாடி பவர் மாற்றலாம் என்று போன வாரம் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டியதுதானே? ஒரு இருட்டுப் பெட்டிக்குள் தாடையை வைக்கச் சொல்லி, எங்கேயாவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்துங்கள் என்றார்கள். ரொம்ப நேரம் புள்ளியே வரவில்லை. மெஷின் ஓடுகிறதா என்று கேட்டேன். ஓடுகிறது சார், நேராகப் பாருங்கள் என்றாள் மெஷின் பக்கத்தில் நின்ற பெண். பொத்தானும் சரியில்லை. அழுத்தினால் அழுந்தினது போலவே இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இன்ஸ்பெக்‌ஷனில் இருப்பவன் நான். எந்தப் பொருள் பழுது என்று எனக்குத் தெரியாதா?

டாக்டர் சின்ன வயசு. தாளைப் பார்த்துக்கொண்டே, "உங்க அம்மாகூடப் பொறந்தவங்கள்ல யாருக்காச்சும் மாலைக்கண் இருந்துச்சா?" என்றார். இல்லை என்றேன். அடுத்த முறை வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வேலைக்குப் போகிறவனுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?

வெளியே வரும்போது வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 'இணைக்கால்' என்று ஒரு ஓட்டக் குழுவாம். பார்வையற்றவர்களும் மற்றவர்களும் ஜோடி ஜோடியாக ஓடுகிறார்கள். டிசம்பரில் இருபத்தொரு கிலோமீட்டர் பந்தயம். வசூலாகும் பணம் பார்வையற்ற பிள்ளைகளின் விடுதிக்கு. கூட ஓடுவதற்குக் கண் தெரிந்தவர்கள் தேவை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அங்கேயே நின்று போன் செய்து பெயர் கொடுத்துவிட்டேன். தெய்வசிகாமணி, வயது ஐம்பத்து மூன்று, கண் தெரிந்தவன். மனைவி கோகிலாவிடம் தொப்பை குறையும் என்று சொன்னேன்.

ஜூலை 6, ஞாயிறு

விடியுமுன்பே ரேஸ்கோர்ஸ் போய்விட்டேன், ஊரே வாக்கிங் சுற்றுகிற ரோடு. குழுவை நடத்துகிறவர் ஷோபனா மேடம். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் அவர் கழுத்தை விட்டு இன்னும் ஓய்வு பெறவில்லை.

இங்கே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். கூட ஓட வருகிறவர்கள் முதல் நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு, இன்னொருவர் கயிறு பிடிக்க, ரேஸ்கோர்ஸை ஒரு சுற்று வர வேண்டும். கயிறு என்றால் பெரிய கயிறு இல்லை. முழ நீளம்கூட வராது. இரண்டு முனையிலும் சுருக்கு. ஆளுக்கு ஒன்றைக் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

என்னைப் போலவே புதிதாக வந்த ஒரு பேங்க் மேனேஜர் நாலடி வைப்பதற்குள் "ஐயோ மரம், ஐயோ மரம்" என்று கத்தினார். மரம் எங்கேயோ இருந்தது. ஒரு பெண் அழுதேவிட்டாள். நான் கடைசிவரை ஓடினேன். கட்டை அவிழ்த்ததும் ஷோபனா மேடம் கை தட்டினார்.

"முதல் நாள்லயே இப்படி ஓடின ஆளை நான் பார்த்ததே இல்ல சார். பழகின மாதிரி ஓடறீங்க."

வீட்டுக்கு வரும்வரை சந்தோஷமாக இருந்தது. பிறகு இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

எனக்கு ஜோடி கொடுத்துவிட்டார்கள். இன்னாசி. போத்தனூர்க்காரன், முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு பேங்கில் டெலிபோன் பிரிவில் வேலை. பிறவியிலேயே பார்வை இல்லை. வாய் மட்டும் இரண்டு ஆளுக்கு உண்டு.

"ஏனுங்ணா, பேச்சுல கம்பெனி வாசம் வீசுதே. சூப்பர்வைசருங்ளா?" என்றான் முதல் பேச்சிலேயே.

"இன்ஸ்பெக்‌ஷன்."

"அப்ப எங்கிட்ட எதாச்சும் டிஃபெக்ட் இருந்தா சொல்லீருங்."

சிரித்துவிட்டேன். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் இருபத்தொன்று ஓடத் தயாராகியிருக்கிறான். ஒரு வருஷம் கூட ஓடினவர் வெளிநாடு போய்விட்டார். இன்னொருவருக்குக் காலையில் எழுந்திருக்கவே முடியவில்லையாம். "இந்த வருசம் நீங்க ஓடிப்போயிர மாட்டீங்ளே?" என்று கேட்டான். மாட்டேன் என்றேன்.

நடுவில் ஓரிடத்தில் மேடு வந்தது. நான் சொல்வதற்குள் அவனே காலைத் தூக்கிவிட்டான். இந்த ரோடு அவனுக்குப் பாடம். எனக்கு இன்னும் பாடமாகவில்லை. மரங்கள் அடர்ந்த இடத்தில் விளக்கு ஒன்றும் சரியாக எரியவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசுவதே கிடையாது.

ஜூலை 19, சனி

வேலை முடிந்து வெளிச்சம் இருக்கும்போதே ரேஸ்கோர்ஸ் போனேன். மெதுவாக நடந்து எல்லாவற்றையும் மனதில் ஏற்றினேன். நீலக் கேட், அதற்கப்புறம் மேடு. பழைய வேப்ப மரம், அதன் வேர் கல்லைத் தூக்கியிருக்கிறது. இளநீர்க்காரன் இடம், எப்போதும் ஈரம். இரண்டு சுற்றுப் போய்ச் சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் விடவில்லை.

மற்றவர்கள் அந்த நேரத்துக்குப் பார்த்துச் சொல்கிறார்கள். நான் படித்துவிட்டுப் போகிறேன். பரீட்சைக்குப் படிப்பதில் என்ன தப்பு?

ஜூலை 20, ஞாயிறு

ஒரு தவறும் இல்லை. "அண்ணா பிரமாதமுங்" என்றான் இன்னாசி.

ஆகஸ்ட் 7, வியாழன்

கம்பெனி மெஷின் ஷாப்பில் டிராலி தள்ளிக்கொண்டு வந்தவன் ஒரு சத்தம் கொடுக்க வேண்டாமா? முட்டியில் நல்ல அடி. நான் கத்தின கத்தலில் பக்கத்து மெஷினை நிறுத்திவிட்டார்கள். "அண்ணா, உங்க முன்னாலதானுங்களே வந்தேன்" என்கிறான். முன்னால் வரவில்லை, பக்கத்தில் வந்தான்.

மைக்ரோமீட்டரில் முடியளவு வித்தியாசத்தை இன்றும் கண்டுபிடிக்கிறேன். மதியம் ஒரு ஷாஃப்டைத் திருப்பி அனுப்பினேன், மூன்று பேர் பாஸ் செய்தது. அப்படிப்பட்ட கண்ணில் என்ன குறை வந்துவிட்டது?

முட்டியில் கோகிலா தைலம் தேய்த்தாள். எப்படி அடிபட்டது என்று அவள் கேட்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பத்து கிலோமீட்டர் தாண்டிவிட்டோம். தொப்பை நிஜமாகவே குறைகிறது. ஒரு பொய்யாவது உண்மையாகட்டும்.

ஓட்டம் இவ்வளவு பிடித்துப்போகும் என்று நினைக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் இரண்டு பேர் மூச்சும் ஒன்றாகிவிடுகிறது. கயிறு தொய்ந்தும் தொய்யாமலும் நடுவில் கிடக்கிறது. நான் "இடது" என்கிறேன், அவன் திரும்புகிறான். நான் "பள்ளம்" என்கிறேன், அவன் தாண்டுகிறான். என் பேச்சை இவ்வளவு ஒழுங்காகக் கேட்ட ஆள் வீட்டிலும் இல்லை, கம்பெனியிலும் இல்லை. இந்தப் பக்கத்துச் சுருக்கு என் கையில் இருக்கும்வரை நான் கண் தெரிந்தவன். ஊரே பார்க்கிறது, ஒருத்தன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு ஓடுகிறேன். குருடனா இதைச் செய்வான்?

இதை எழுதியிருக்கக் கூடாது. பேனாவில் எழுதியதை அழிக்க முடியாது. இருக்கட்டும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சில இடங்களில் கயிறு அவன் பக்கமாக இழுக்கிறது. வேகம் கூடிவிட்டது போல. எதிரே வாக்கிங் வருகிறவர்கள் வேறு, ஓரமாகப் போகாமல் மேலே வந்து விழுகிறார்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் பதினான்கு கிலோமீட்டர். சாயங்காலம் சூலூரில் கோகிலாவின் சித்தி மகன் கல்யாண வரவேற்பு. மண்டபத்துக்கு வெளியே ஒரே இருட்டு. கோகிலா என் சட்டையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். இருபத்தேழு வருஷத்தில் வெளியில் என் கையைப் பிடித்து நடந்தவள் இல்லை அவள்.

"என்ன, புதுசா?"

"சேலை தடுக்குதுங்." அவள் கட்டியிருந்தது சுடிதார்.

சாப்பிட உட்காரும்போது கோகிலாவின் பெரியப்பா என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "மாப்ள, உங்க அன்னூர் மாமா ஜாடை அப்பிடியே இருக்குது உங்களுக்கு" என்றார். ரசத்தை வேகமாகக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அன்னூர் மாமா அம்மாவின் அண்ணன். ரங்கசாமி. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது மாமாவுக்கு மாலையானால் தெரியாது. காலேஜ் முடிக்கும்போது மத்தியானத்திலும் தெரியவில்லை. வீட்டின் பின்கதவிலிருந்து கக்கூஸ் வரை ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். அதைப் பிடித்துப் போவார், அதைப் பிடித்து வருவார். கைபட்டுக் கைபட்டு அது கறுத்துப்போயிருந்தது. மாமாவைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் அந்தக் கயிற்றைத்தான் சொல்வார்கள். அவர் நன்றாகப் பாடுவார் என்பது யாருக்கும் ஞாபகமில்லை.

டாக்டரிடம் இல்லை என்று சொன்னது இவரைத்தான்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மைக்ரோமீட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். என்னை ஒருநாளும் ஏமாற்றாத பொருள். வரும்போது பூசணிக்காய் உடைத்ததில் கால் வைத்துச் சறுக்கினேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நீலக் கேட் தாண்டியதும் "மேடு" என்றேன். இன்னாசி காலைத் தூக்கி வைத்தான். வெறும் ரோடு. வேகத்தில் அவன் தடுமாறி என் மேல் சாய்ந்தான். நின்றோம்.

"மேடு எங்கீங்ணா?"

கீழே குனிந்து தடவிப் பார்த்தேன். மேட்டைச் சுரண்டி எடுத்துப் புதிதாகத் தார் போட்டிருக்கிறார்கள். இந்த வாரம்தான் செய்திருக்க வேண்டும். நேற்று மாலை மழை, நான் வரவில்லை.

"சும்மா, நீ கவனமா இருக்கியான்னு பாத்தேன்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன். கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் இறுக்கிக்கொண்டான்.

"அண்ணா, நீங்க பாத்துச் சொல்றீங்ளா, மனப்பாடமாச் சொல்றீங்ளா?"

"பாத்துத்தான்."

"செரிங்ணா" என்றான். மிச்ச தூரம் ஓடினோம். நான் சொல்வதற்கு முன்பே ஒவ்வொரு இடத்திலும் அவன் கால் தயாராக இருந்தது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பட்டாசு வெடித்தால் கண் கூசுகிறது, அதற்கப்புறம் ரொம்ப நேரத்துக்கு ஒன்றுமே இல்லை. ஓசூரிலிருந்து வந்த மகன் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டான். கால்வலி என்று கீழேயே இருந்துகொண்டேன். கோகிலா மேலே போகாமல் என்னோடு டி.வி. பார்த்தாள். அவளுக்கு அந்த நிகழ்ச்சி பிடிக்காது.

நவம்பர் 4, செவ்வாய்

லீவு போட்டுத் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீட்டில் யாரையாவது கூட்டி வரச் சொன்னேனே என்றார் டாக்டர். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றேன். மறுபடி அந்தப் பெட்டி, மறுபடி பொத்தான். இந்த முறை பொத்தான் நன்றாகத்தான் இருந்தது.

மாமாவைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார். பிறகு அவர் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. மகனுக்கு வராது என்றார். அதை மட்டும் எழுதலாம். நல்ல செய்தி அது ஒன்றுதான். மருந்து உண்டா என்று கேட்டேன். மேஜை மேலிருந்த பேனாவைத் திறந்து மூடினார். வண்டி ஓட்ட வேண்டாம் என்றார். ஓட்டத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வண்டியை ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன். பஸ்ஸில் ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டிசம்பர் இருபத்தொன்று வரை. அந்த ஒரு ஓட்டம் முடியட்டும். இன்னாசிக்கும் இது மூன்றாவது வருஷம், அவனுக்கு இப்போது வேறு ஆள் கிடைக்காது. அதற்கப்புறம் கயிற்றை நானே கீழே வைத்துவிடுகிறேன். யாருக்கு என்ன நஷ்டம்?

நவம்பர் 9, ஞாயிறு

வண்டி எங்கே என்று கோகிலா இன்னும் கேட்கவில்லை.

நவம்பர் 22, சனி

நாளை நீண்ட ஓட்டம். ரேஸ்கோர்ஸைவிட்டு வெளியே, சுங்கம் போய் வாலாங்குளம் ஓரமாகத் திரும்புகிற பாதை. பந்தயப் பாதையும் அதுதான். சாயங்காலம் முழுக்க நடந்து படித்துவிட்டேன். குளத்துக்குப் பிறகு வரும் தெரு நல்ல ரோடு, ஒரு தடங்கலும் இல்லை. அங்கே வேகம் எடுக்கலாம்.

நவம்பர் 23, ஞாயிறு

இன்றே எழுதிவிட வேண்டும்.

ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். குளம் வரை நன்றாகவே போனது. எங்களுக்கு முன்னால் இரண்டு ஜோடிகள். அந்தத் தெருவில் நுழைந்ததும், "நேரா வா, நல்ல ரோடு, வேகமா" என்றேன். எப்போதும் போல அவன் நம்பி வேகம் எடுத்தான்.

முந்தின ராத்திரி அங்கே ஐயப்ப பூஜைக்குப் பந்தல் போட்டிருக்கிறார்கள். கார்த்திகை மாதம். எந்தத் தெருவில் பார்த்தாலும் ஐயப்ப பூஜை. கோயமுத்தூரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தோன்றவில்லை. மூங்கிலை இழுத்துக் கட்டின கயிறு ரோட்டோரம் முளையடித்து நின்றிருக்கிறது. முன்னால் போனவர்கள் விலகிப் போயிருக்கிறார்கள். சீரியல் பல்புகூட எரிந்துகொண்டிருந்ததாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் தூரத்தில் ஒரு வெளிச்சக் கொத்து. அதை டீக்கடை என்று நினைத்தேன்.

இன்னாசியின் இடது கால் கயிற்றில் மாட்டியது. சத்தம் எனக்குக் கேட்டது. அவன் விழுந்த பிறகும் எங்கள் கயிறு இரண்டு பேர் கையிலும் இருந்தது. நானும் முட்டி போட்டு விழுந்தேன். அவன் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கையால் தேடினேன். நான் தடவித் தேடுகிறேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

கணுக்காலில் எலும்பு விரிசல். மாவுக்கட்டு. பந்தயம் இல்லை.

நவம்பர் 24, திங்கள்

குழுவின் வாட்ஸ்அப்பில் எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். பந்தல்காரன் பொறுப்பில்லாதவன், நடுரோட்டில் முளை அடிப்பதா என்று திட்டுகிறார்கள். 'சிகாமணி சார், உங்களைக் குற்றம் சொல்லிக்காதீங்க' என்று ஷோபனா மேடம் எழுதியிருக்கிறார். கும்பிடும் கைகள் போட்டு நன்றி சொன்னேன்.

நான் ஒரு அயோக்கியன்.

நவம்பர் 30, ஞாயிறு

ஆப்பிள், ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போத்தனூர் போனேன். இன்னாசி கட்டில் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி பிலோமினாவுக்குப் பார்வை உண்டு. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படீங்ணா ஆச்சு?" என்றாள். "முன்னால போனவிங்க எல்லாம் சுத்திப் போனாங்களாமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் இன்னாசி, "அங்க லைட்டு இல்லடி. அண்ணன் என்ன பண்ணுவாரு? போய் காப்பி போடு" என்றான்.

அவள் உள்ளே போய்ப் பாத்திரச் சத்தம் கேட்கும்வரை சும்மா இருந்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"எவ்வளவு நாளாங்ணா?"

"எதுப்பா?"

"எங்கிட்டயுமா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, பொத்தான், மாமா, சனிக்கிழமை நடை.

"எனக்கு இல்லாத மேட்டுல தடுமாறுன அன்னைக்கே தெரியுமுங்ணா. அதுக்கு முன்னாலயே ஆளுக மேல முட்டாம உங்கள நாந்தான் இழுத்துட்டுப் போனேன். சொன்னா இந்த வருசமும் ஆள் இல்லாமப் போயிருமுன்னு வாய மூடிட்டு இருந்தேன். அது என்ர தப்பு. மிச்சம் உங்க தப்பு." மாவுக்கட்டைத் தட்டினான். "இனி யாருக்கும் கயிறு புடிக்காதீங். நீங்க மேடத்துக்கிட்டச் சொல்லலீன்னா நான் சொல்லீருவேன்."

சொல்கிறேன் என்றேன். எழுந்திருக்க வேண்டியதுதான். ஆனால் ஜூலையிலிருந்து அவனிடம் கேட்க நினைத்த ஒன்று இருந்தது. அதைக் கேட்கத்தான் இந்தக் குழுவிலேயே சேர்ந்தேனோ என்று இப்போது தோன்றுகிறது.

"இன்னாசி, அது எப்பிடி இருக்கும்? பூராவும் போனதுக்கப்புறம். பழகீருமா?"

எனக்கு நல்லதாக ஏதாவது சொல்ல முடியுமா என்று அவன் தேடியது தெரிந்தது.

"எனக்குத் தெரியாதுங்ணா. எனக்குப் போறதுக்கு ஒண்ணும் இல்லீங். நான் பொறந்ததே இதுலதான், இது எனக்கு வூடு மாதிரி. இருந்து போறது எப்பிடின்னு எனக்கு என்ன தெரியும்? உங்க மாமா இருந்திருந்தா கேட்டிருக்கலாம்."

காப்பி வந்தது. குடித்தேன். பிலோமினா பஸ் ஸ்டாப் வரை வந்து ஏற்றிவிட்டாள். நான் கேட்கவில்லை. அப்படியானால் அவளும் பார்த்துவிட்டாள்.

டிசம்பர் 3, புதன்

ஷோபனா மேடத்துக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். விசில் சங்கிலியை உருட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னாசிக்கு நான் என்ன சார் பதில் சொல்லுவேன்?" என்றார். பிறகு அவரே, "உங்களுக்கு ஒரு ஆள் தரேன். நீங்க ஓடுங்க. ஞாயித்துக்கிழமை வாங்க" என்றார்.

டிசம்பர் 7, ஞாயிறு

போனேன். முதல் நாள் "ஐயோ மரம்" என்று கத்தின பேங்க் மேனேஜர்தான் எனக்குத் துணை. நல்ல மனிதர். இப்போது தேறிவிட்டார். கயிற்றின் அந்தப் பக்கத்துச் சுருக்கை என் கையில் மாட்டிவிட்டு, "போலாமா சார்? ஒண்ணும் பயமில்ல, நான் சொல்றேன்" என்றார்.

கால் எழவில்லை. நிஜமாகவே எழவில்லை. ஜூலையில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று ஓடினவன், கண்ணைத் திறந்துகொண்டு ஒரு அடி வைக்க முடியவில்லை. அன்றைக்குக் கட்டை அவிழ்த்துவிடுவார்கள் என்று தெரியும், அதனால் ஓடினேன். கயிற்றைக் கழற்றி அவரிடமே கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். விடிந்த பிறகு வீட்டுக்கு வந்தேன்.

கோகிலாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"தெரியுமுங்" என்றாள். "உங்க மாமாவை நம்ம கல்யாணத்துலயே பாத்தனுங்களே. ரெண்டு வருசமாத் தெரியும். நீங்களாச் சொல்லுவீங்ன்னு பாத்துட்டு இருந்தேன்."

அப்போதுதான் கவனித்தேன். நான் அடிக்கடி இடித்துக்கொண்டு திட்டுகிற சமையலறை ஸ்டூல் எப்போதோ வீட்டைவிட்டே போயிருக்கிறது. எந்த மாதம் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்துகொண்டிருந்தாள். அழுகிறாளா என்று பார்க்க அவள் முகத்துக்கு நேராகப் போய் நிற்க வேண்டியிருந்தது.

டிசம்பர் 11, வியாழன்

இன்ஸ்பெக்‌ஷனிலிருந்து ஸ்டோர் ஆபீசுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். மைக்ரோமீட்டரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

காலையில் எங்கும் போகவில்லை. கோகிலா கடைவீதிக்குப் போய் நைலான் கயிறு வாங்கி வந்தாள். சமையலறைப் பின்கதவிலிருந்து கொல்லைப்புறக் குளியலறை வரை கட்டினாள். கதவுப் பக்கம் கொக்கி அடித்ததும் அவள்தான். சுத்தியல் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள்.

"எதுக்கு?"

"துணி காயப்போட. மாடிக்கு ஏறி எறங்க முடியலீங், முட்டி வலிக்குது."

இடுப்பு உயரத்தில் கட்டியிருக்கிறாள். அந்த உயரத்தில் சேலை போட்டால் பாதி மண்ணில் புரளும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

பழக்க தோஷம், நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. இந்நேரம் எல்லோரும் ரேஸ்கோர்ஸில் கூடியிருப்பார்கள். மைக்கில் பாட்டுப் போட்டிருப்பார்கள். இன்னாசி மாவுக்கட்டோடு வீல்சேரில் போய்க் கை தட்டப் போகிறான் என்று குழுவில் போட்டிருந்தார்கள். எனக்கு அவன் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

விளக்கைப் போடவில்லை. போட்டும் பெரிய லாபம் இல்லை. பின்கதவைத் திறந்தேன். கை தானாகக் கயிற்றைத் தேடியது. தேடிய இடத்தில் இருந்தது. புதுக் கயிறு, வழுக்கியது, ஒரு கறையும் இருக்காது. பிடித்துக்கொண்டு நடந்தேன். ஒருமுறைகூட அதில் கோகிலா துணி போட்டதில்லை.

ஐந்து மாதப் பழக்கம் வாயைவிட்டுப் போகவில்லை. "நேரா," என்றேன். "நல்ல ரோடு. மேடு."

குளியலறைப் படி காலில் இடித்தது. இந்த ஒரு மேடு மட்டும் சொன்ன இடத்திலேயே இருந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டது. ஓட்டத்தை ஆரம்பித்து வைத்திருப்பார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு எதையும் எழுதத் தெரியவில்லை, பயமாக இருக்கிறது. சமையலறையில் விளக்கு எரிந்திருக்க வேண்டும், மங்கலாக ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. கோகிலா கதவுப் பக்கம் நின்றிருக்கிறாள். கூப்பிடவும் இல்லை, வரவும் இல்லை. கயிற்றின் அவள் பக்கம் மட்டும் லேசாக ஒருமுறை ஆடியது. நான் எழுந்து அதைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தேன்.